கொம்பைல் நேரத்தில் பொயின்டர்களை ஒப்பிடுவது: ரஸ்ட் பழகத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்தில் என்னிடம் ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியைக் கேட்டு வரும் பிள்ளைகள் பலரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சி நன்றாகத் தெரியும். நினைவிடத்தின் முகவரியைச் சுட்டும் பொயின்டர் என்றால் பயமில்லை. ரஸ்டில் பல கணக்குகளைப் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, கொம்பைல் ஆகும்போதே முடித்துவிடலாம் என்று அறிந்து ஆசையோடு எழுதத் தொடங்குகிறார்கள். இரண்டு வெற்றுப் பொயின்டர்களுக்கு (raw pointer, சி-யில் உள்ளதுபோன்ற வெறும் பொயின்டர்) நடுவே == போட்டதும் கொம்பைலர் மறுத்துவிடுகிறது. சி-யில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடும் வரி இங்கே ஏன் ஓடாது? அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் ரஸ்டின் பாதி மனநிலை புரிந்துவிடும் என்று நான் நம்புகிறேன். அதனால் அவசரப்படாமல் படிப்படியாகப் போவோம்.

முதலில் கருவிகள்

ரஸ்ட்அப் என்ற நிறுவும் கருவி வழியாக ரஸ்டை நிறுவுங்கள். நிலையான வெளியீடு 1.85 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கட்டும். கீழே சொல்லும் சில வசதிகள் 1.83, 1.84, 1.85 ஆகிய வெளியீடுகளில்தான் திறந்துவிடப்பட்டன. மூன்றாம், ஆறாம் படிகளுக்கு நைட்லியும் வேண்டும், அது தினமும் வரும் சோதனை வெளியீடு. போன் டேட்டாவில் இறக்குகிறவர்கள் நைட்லியை நிறுவும்போது புரொஃபைலை மினிமல் என்று குறிப்பிடுங்கள். கையேடுகளும், கோடில் குறை சொல்லும் கிளிப்பி கருவியும் அதில் வராது, இறக்கமும் குறையும். ஆனால் நிலையான வெளியீட்டுக்குக் கையேடுகளை வைத்திருங்கள். இணைப்பு இல்லாத நேரத்திலும் ரஸ்ட்அப் டொக் என்று தட்டினால் முழுக் கையேடும் உலாவியில் திறக்கும். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு பங்ஷனுக்கும் அங்கே விளக்கம் உண்டு, வாசித்துப் பாருங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. 1.53 வெளியீட்டில் இருந்து, அதாவது 2021 முதல், மாறிகளுக்கும் பங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இங்கே வரும் உதாரணங்களில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

முதல் படி: எரரை நீங்களே வரவழையுங்கள்

நிலையம் என்று ஒரு ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். உள்ளே இரண்டு புலங்கள்: இலக்கம் என்று ஒரு 16 பிட் முழு எண், பெயர் என்று ஒரு ஸ்டாட்டிக் சரம். அப்புறம் வடபாதை என்ற பெயரில் ஒரு ஸ்டாட்டிக் அரே. அதில் யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை என்று ரயில் போகும் ஒழுங்கிலேயே 9 நிலையங்களையும் எழுதுங்கள். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் சுன்னாகம் 4ஆம் இடம், காங்கேசன்துறை 8ஆம் இடம்.

இனி இரண்டு கொன்ஸ்ட்கள், அதாவது கொம்பைல் நேரத்திலேயே மதிப்புக் கணிக்கப்படும் மாறிலிகள். முதல் என்பது அரேயின் 0ஆம் இடத்துக்கான வெற்றுப் பொயின்டர். நடு என்பது 4ஆம் இடத்துக்கான வெற்றுப் பொயின்டர். இவற்றைக் கொன்ஸ்டாகவே வையுங்கள். வெற்றுப் பொயின்டரை ஸ்டாட்டிக்கில் வைத்தால், அதைத் திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் புரோகிராம் இழைகள்) பகிர முடியாது, அதற்கான சின்க் என்ற தகுதி இல்லை என்று வேறொரு எரர் முன்னால் வந்து நின்று உங்களைத் திசைதிருப்பும். கொன்ஸ்டுக்குள் இருந்து ஸ்டாட்டிக்கைச் சுட்டுவதே 1.83 முதல்தான் முடிந்தது. பழைய கொம்பைலர் இருந்தால் இந்த இடத்திலேயே நிற்கும்.

இப்போது ஒன்றா என்று ஒரு பூல் கொன்ஸ்ட் எழுதி, அதன் மதிப்பாக முதல் == முதல் என்று கொடுங்கள். ஆம், அதையே அதனோடு ஒப்பிடுங்கள். கொம்பைல் செய்தால், கொம்பைல் நேரக் கணிப்பில் பொயின்டர்களை நம்பத்தகுந்த முறையில் ஒப்பிட முடியாது என்ற பொருளில் எரர் வரும். கூடவே, ரஸ்டின் கிட்ஹப் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசும் 53020 என்ற இஷ்யூ இலக்கத்தையும் காட்டும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரே பொயின்டரை அதே பொயின்டரோடு ஒப்பிட்டும் கொம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், இந்தத் தடை மதிப்பைப் பார்த்து வருவதில்லை. கொன்ஸ்டுக்குள் வெற்றுப் பொயின்டர் வகைகளுக்கு நடுவே == இருப்பதைப் பார்த்ததுமே, கணக்குப் போடத் தொடங்கும் முன்னரே, கொம்பைலர் நிறுத்திவிடுகிறது. <, > போட்டாலும் இதே கதிதான்.

ஒரு எச்சரிக்கை. வெற்றுப் பொயின்டருக்குப் பதிலாக & போட்ட ரெஃபரன்ஸ்களை == கொண்டு ஒப்பிட்டால் அது வேறு விஷயம். அங்கே ரஸ்ட் ஒப்பிடுவது உள்ளடக்கத்தை, முகவரியை ஒப்பிடுவதே இல்லை. சி-யில் இருந்து வருகிறவர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள்.

இரண்டாம் படி: கொம்பைலரிடம் இருப்பது எது, இல்லாதது எது

கொன்ஸ்ட் கணக்குகளைச் செய்வதற்கு ரஸ்ட் கொம்பைலருக்குள் ஒரு சிறிய இன்டர்பிரட்டர் இருக்கிறது. வரையறையற்ற நடத்தையைப் பிடிக்கும் மிரி என்ற கருவியும் அதே எஞ்சினில்தான் ஓடுகிறது. அந்த இன்டர்பிரட்டருக்குப் பொயின்டர் என்பது ஒரு எண் இல்லை. அது ஒரு சோடி: எந்த அலொக்கேஷன் (ஒதுக்கிய நினைவுத் துண்டு), அதன் தொடக்கத்தில் இருந்து எத்தனை பைட் தள்ளி. அவ்வளவுதான். உண்மையான முகவரி பிறகு வருகிறது. கொம்பைல் ஆன துண்டுகளை லிங்கர் என்ற கருவி ஒன்றுசேர்த்து இடம் ஒதுக்குகிறது. அதற்குப் பிறகும், இன்றைய இயங்குதளங்கள் பாதுகாப்புக்காகப் புரோகிராமை வெவ்வேறு இடத்தில் ஏற்றுகின்றன.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை எடுத்துப் பார்த்தால் காணிக்கென்று ஒரு பழைய பெயர் எழுதியிருக்கும். வாசல் கேட்டில் ஒட்டும் வீட்டிலக்கம் அதில் இராது, அது வீடு கட்டிய பிறகு சபை கொடுப்பது. கொம்பைலரின் கையில் இருப்பது உறுதி மட்டும். இலக்கத்தைக் கேட்டால் அது எங்கிருந்து சொல்லும்?

அதனால்தான் பொயின்டரை முழு எண்ணாக மாற்றி ஒப்பிடலாம் என்று குறுக்குவழி தேடினாலும் கதவு மூடியிருக்கிறது. கொன்ஸ்டுக்குள் யூசைஸ் என்ற முழு எண் வகையாக மாற்றினால், கொம்பைல் நேரத்தில் பொயின்டருக்கு எண் மதிப்பு கிடையாது என்று கொம்பைலர் நேராகவே சொல்லும். டிரான்ஸ்மியூட் செய்து (பைட்டுகளை அப்படியே வேறு வகையாக வாசித்து) ஏமாற்றப் பார்த்தாலும், பொயின்டரின் அடிப்படைப் பைட்டுகளைச் சார்ந்த வேலை இது, முடியாது என்று எரர் வரும்.

சரி, முகவரி தெரியாவிட்டால் போகட்டும். உறுதியில் உள்ள பெயர் ஒன்றென்றால் காணி ஒன்று, பெயர் வேறென்றால் காணி வேறு என்று சொல்லிவிடலாமே? இந்த இடம்தான் நுணுக்கமானது.

ஸ்டாட்டிக் என்றால் ஒரேயொரு இடம். அதைச் சுட்டும் எல்லாரும் அதே நினைவிடத்தைத்தான் சுட்டுகிறார்கள், மொழி அதற்கு உத்தரவாதம் தருகிறது. கொன்ஸ்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கொன்ஸ்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அதன் மதிப்பு பதிக்கப்படுகிறது. அதற்கு எடுக்கும் இரண்டு ரெஃபரன்ஸ்கள் ஒரே இடத்தைச் சுட்டலாம், சுட்டாமலும் போகலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும் இரண்டு கொன்ஸ்ட்களைக் கொம்பைலர் ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம். பங்ஷன்களும் அப்படித்தான். ஒரே பங்ஷன் வெவ்வேறு கோட் துண்டுகளில் இரண்டு பிரதிகளாக இருக்கலாம். உடல் ஒன்றாக இருக்கும் இரண்டு பங்ஷன்களை ஒன்றாக மடித்துவிடவும் கூடும். டைன் பொயின்டர்களுக்குப் (ஓடும் நேரத்தில்தான் உண்மை வகை தெரியும் பொயின்டர்கள்) பின்னால் உள்ள விடேபிள் என்ற மெதட் அட்டவணைக்கும் இதே நிலை.

அளவு சுழியமான வகைகளுக்கு இடமே தேவையில்லாததால், இரண்டு வெவ்வேறு பொருட்கள் ஒரே முகவரியில் இருக்கலாம். ஒரு அரேயின் முடிவுக்கு அடுத்த இடத்தைச் சுட்டும் பொயின்டரோ, பக்கத்தில் வந்து விழுந்த இன்னொரு பொருளின் தொடக்கத்தோடு தற்செயலாகப் பொருந்திவிடலாம். சி++ மொழியின் கொம்பைல் நேரக் கணக்கான கொன்ஸ்டெக்ஸ்பிரிலும் இந்தக் கடைசி ஒப்பீட்டை மாறிலியாக ஏற்க மாட்டார்கள். ஆக, இது ரஸ்டின் பிடிவாதம் இல்லை.

ஆகவே கொம்பைல் நேரத்தில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இவை ஒன்றா என்று கேட்காமல், இவை ஒன்றென்றோ வேறென்றோ உன்னால் உறுதி சொல்ல முடியுமா என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு.

மூன்றாம் படி: மூன்று விடை தரும் பங்ஷன்

நைட்லியில் வெற்றுப் பொயின்டர்களுக்கு கேரண்டீட் ஈக்யூ, கேரண்டீட் என்ஈ என்று இரண்டு மெதட்கள் இருக்கின்றன. கோப்பின் உச்சியில் கொன்ஸ்ட் ரோ பிடிஆர் கம்பாரிசன் என்ற ஃபீச்சரைத் திறந்தால்தான் வேலை செய்யும். நடுவே அடிக்கோடுகள் வரும். எரரில் காட்டிய 53020 இஷ்யூ பக்கத்தில் சரியான எழுத்துக்கூட்டு இருக்கிறது. இந்த ஃபீச்சரைத் திறந்தாலும் == அனுமதிக்கப்படாது என்பதை மறக்காதீர்கள்.

திருப்பித் தருவது ஒப்ஷனுக்குள் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற வகை) ஒரு பூல். சம் ட்ரூ (Some(true)) என்றால் நிச்சயம் ஒன்று. சம் ஃபால்ஸ் என்றால் நிச்சயம் வேறு. நன் (None) என்றால் இப்போது சொல்ல முடியாது. ஆரம்பத்தில் இது வெறும் பூலைத்தான் தந்தது. அப்போது ஃபால்ஸ் என்றால் வேறு என்றா, தெரியாது என்றா என்று பிரித்தறிய இரண்டு மெதட்களையும் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒப்ஷனாக மாற்றியது மிக நல்ல முடிவு. தெரியாது என்பதற்குத் தனி இடம் கிடைத்தது.

நம் உதாரணத்தில் ஓட்டிப் பாருங்கள். விடையைக் கொன்ஸ்டில் பிடித்து மெயினில் அச்சிடுங்கள். முதலோடு முதல்: சம் ட்ரூ. முதலோடு நடு: சம் ஃபால்ஸ், ஏனென்றால் ஒரே ஸ்டாட்டிக்குக்குள் தள்ளிய தூரம் வேறு. முதலோடு நல் (null, எதையும் சுட்டாத) பொயின்டர்: சம் ஃபால்ஸ், பொருளுக்குள் நிற்கும் பொயின்டர் ஒருபோதும் நல் ஆகாது. இனி வடபாதையை ஸ்டாட்டிக்கில் இருந்து கொன்ஸ்டாக மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். இன்றைய நைட்லியில் முதலை அதனோடேயே ஒப்பிட்டாலும் நன்தான் வரும். இரண்டாம் படியில் சொன்னது இப்போது கண்முன்னே நடக்கிறது: கொன்ஸ்டின் நினைவிடம் பிரதியாகவும் ஆகலாம், சேர்க்கவும் படலாம், ஆகவே கொம்பைலர் வாக்குக் கொடுக்க மறுக்கிறது. இரண்டு பங்ஷன்களை ஒப்பிட்டாலும் நன். எண்ணில் இருந்து உருவாக்கிய இரண்டு பொயின்டர்களை ஒப்பிட்டால் எப்போதும் தெளிவான விடை, அவற்றுக்குப் பின்னால் அலொக்கேஷனே இல்லை, எண்தான் எல்லாம். இரண்டு வெவ்வேறு ஸ்டாட்டிக்களுக்கு, அளவு சுழியமாக இல்லாமல் பொயின்டர்கள் எல்லைக்குள் இருந்தால், புதிய நைட்லிகள் சம் ஃபால்ஸ் தருகின்றன. பழையவை நன் என்றே சொல்லின.

இந்தக் கடைசி விஷயம் உங்களுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. கையேடே சொல்கிறது: கொம்பைலர் வெளியீடு மாறும்போது சம் நன்னாகலாம், நன் சம்மாகலாம். அன்சேஃப் கோடின் (பாதுகாப்புக்கு எழுதுபவரே பொறுப்பான கோட்) சரித்தன்மையை இந்த விடையில் தொங்கவிடக் கூடாது. புரோகிராம் ஓடும் நேரத்தில் இதே மெதட் எப்போதும் சம்முக்குள் சாதாரண ஒப்பீட்டு விடையைத் தருவதுபோல நடந்துகொள்ளும். எனவே நன் வந்தால் ஒரு விடை, சம் வந்தால் வேறு விடை என்று ஒரு கொன்ஸ்ட் பங்ஷனை எழுதினால், கொம்பைல் நேரத்தில் ஒன்றும் ஓடும் நேரத்தில் இன்னொன்றும் சொல்லும் பங்ஷனை எழுதிவிட்டீர்கள். அதை யாரும் பிழைதிருத்த முடியாது.

அப்படியென்றால் இதை எங்கே பயன்படுத்துவது? வேகத்துக்கு. இரண்டு நிலையங்களின் பெயரை ஒப்பிடும் பங்ஷன் எழுதுகிறீர்கள். முதலில் பொயின்டர்களை இந்த மெதட்டால் பாருங்கள். சம் ட்ரூ வந்தால் உடனே ஆம் என்று திரும்பிவிடலாம். வேறு எது வந்தாலும் பெயரைப் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். நன் வந்தால் கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுக்கும், விடை மாறாது.

நான்காம் படி: நைட்லி இல்லாமல் சமாளிப்பது

பெரும்பாலான வேலைகளுக்கு மேலே சொன்னது தேவையே இல்லை. நிலையான ரஸ்டில் என்ன செய்யலாம் என்பதுதான் அதிகம் உதவும்.

பொயின்டர் நல் (null) தானா என்று மட்டும் பார்க்கவேண்டுமானால் ஈஸ் நல் மெதட்டை 1.84 முதல் கொன்ஸ்டுக்குள் கூப்பிடலாம். பொயின்டர் தன் பொருளின் எல்லையைத் தாண்டிப் போயிருந்தால் மட்டும், நல் தானா என்று தீர்மானிக்க முடியவில்லை என்று கொம்பைல் நேரத்தில் பானிக் ஆகும். தவறான விடை தருவதில்லை, நின்றுவிடுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த நடத்தை.

இரண்டு பொயின்டர்களும் ஒரே அரேயைச் சேர்ந்தவை என்று உங்களுக்குத் தெரிந்தால் ஆஃப்செட் ஃப்ரொம் மெதட் இருக்கிறது. 1.65 முதல் கொன்ஸ்டில் கிடைக்கிறது. அன்சேஃப் தொகுதிக்குள் எழுதவேண்டும். நடுவில் இருந்து முதலைக் கழித்தால் 4 வரும், பைட்டில் இல்லை, நிலையங்களின் எண்ணிக்கையில். விடை 0 என்றால் இரண்டும் ஒன்று. கூடுதல் எது, குறைவு எது என்ற வரிசை ஒப்பீடும் இதிலேயே கிடைத்துவிடும். இரண்டு பொயின்டர்களும் வெவ்வேறு அலொக்கேஷன்களைச் சேர்ந்தவையாக இருந்தால் கொம்பைல் நேரத்திலேயே எரர். ஓடும் நேரத்தில் இதே தவறு வரையறையற்ற நடத்தையாகிச் சத்தமில்லாமல் போயிருக்கும். கொன்ஸ்டுக்குள் அது பிடிபடுவது பெரிய பாதுகாப்பு.

இதைவிட நல்ல வழி, பொயின்டரை அடையாளமாக வைத்துக்கொள்வதையே விடுவது. நிலையத்துக்கு இலக்கம் என்ற புலம் வைத்தோமே, அதைத்தான் ஒப்பிடவேண்டும். முழு எண்களின் == கொன்ஸ்டில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். பெயரில்லாத ஒரு கொன்ஸ்டுக்குள் அஸர்ட் எழுதி, எந்த இரண்டு நிலையங்களுக்கும் ஒரே இலக்கம் இல்லை என்று கொம்பைல் நேரத்திலேயே சரிபார்க்கலாம். ஃபோர் லூப் நிலையான ரஸ்டின் கொன்ஸ்டுக்குள் ஓடாது, வைல் லூப் ஓடும். இரண்டு வைல் லூப்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து 9 நிலையங்களையும் சோடி சோடியாகப் பாருங்கள். தவறான அட்டவணையோடு புரோகிராம் கொம்பைலே ஆகாது.

இலக்கம் இல்லாமல் பெயரையே ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம். சரங்களின் == நிலையான கொன்ஸ்டில் இல்லை, ஆகவே ஆஸ் பைட்ஸ் கொண்டு பைட்டுகளாக்கி, முதலில் நீளம், பிறகு வைல் லூப்பில் ஒவ்வொரு பைட்டாகப் பார்க்கவேண்டும். யுடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட். சுன்னாகம் என்பதில் 9 புள்ளிகள், 27 பைட். இதுவரை சரி.

ஆனால் தமிழில் ஒரு பொறி இருக்கிறது, நாங்கள்தான் இதைக் கவனிக்கவேண்டும், வேறு யாரும் எங்களுக்காகக் கவனிக்க மாட்டார்கள். கொக்குவிலின் கொ-வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே புள்ளியாக வைக்கலாம். அல்லது எகரக் குறியும் கால் குறியும் என்று இரண்டு புள்ளிகளாகப் பிரித்து வைக்கலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. யுனிகோட் தரத்தின்படி இரண்டும் சமானம். பைட் ஒப்பீட்டிலோ இரண்டும் வேறு, நீளமே 3 பைட் வித்தியாசப்படும். கோண்டாவிலின் கோ-வுக்கும் இதே கதைதான். வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டிய இரண்டு கோப்புகளைச் சேர்க்கும்போது இது வெளியே வரும். பெயரை மனிதர்களுக்குக் காட்டுங்கள், ஒப்பிடுவதை இலக்கத்திடம் விடுங்கள்.

ஐந்தாம் படி: ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைப்பது

முகவரியே வேண்டும், வேறு வழியில்லை என்றால் புரோகிராம் ஓடும்போது ஒப்பிடுங்கள். சாதாரணப் பொயின்டர்களுக்கு பிடிஆர் ஈக்யூ போதும். டைன் போன்ற அகலப் பொயின்டர்களில் முகவரியோடு விடேபிளும் சேர்த்து ஒப்பிடப்படும். விடேபிள் பிரதியாகலாம் என்று பார்த்தோம். ஆகவே ஒரே பொருளுக்கும் வேறு என்று விடை வரலாம். அங்கே 1.76இல் வந்த அடர் ஈக்யூவைப் பயன்படுத்தினால் முகவரி மட்டும் ஒப்பிடப்படும். பங்ஷன் பொயின்டர்களை == போட்டு ஒப்பிட்டால் 1.85 முதல் கொம்பைலர் எச்சரிக்கும். தெரிந்தே செய்கிறேன் என்று சொல்ல எஃப்என் அடர் ஈக்யூ இருக்கிறது. அது எச்சரிக்கையை நீக்கும், விடையை நம்பகமாக்காது.

ஆறாம் படி: மிரியில் ஓட்டிப் பாருங்கள்

உங்கள் கோட் எங்காவது முகவரிகளின் தற்செயலான பொருத்தத்தை நம்பியிருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். நைட்லிக்கு மிரி கூறை ஒருதடவை நிறுவிவிட்டு, டெஸ்ட்களைக் கார்கோ மிரி டெஸ்ட் என்று ஓட்டுங்கள். முதல் தடவை ரஸ்டின் மூலக் கோடையும் இறக்கிக்கொள்ளும், ஆகவே நல்ல இணைப்பு இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். மிரியின் பல விதைகள் என்ற தெரிவைக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் முகவரிகளை வேறுவிதமாக ஒதுக்கி ஓட்டும். ஒரு விதையில் தேறி இன்னொன்றில் விழும் டெஸ்ட் இருந்தால், அந்த டெஸ்டில் ஒரு பொயின்டர் ஒப்பீட்டைத் தேடுங்கள்.

மூன்றாம் படியின் மெதட்களைப் புரொஜெக்டில் வைத்திருப்பவர்கள் ரஸ்ட் டூல்செயின் கோப்பை எழுதி, நைட்லியைத் தேதியோடு பூட்டிவையுங்கள். கூட வேலை செய்பவரின் மடிக்கணினியில் சம் வந்து உங்களிடம் நன் வந்தால், முதலில் ஒப்பிடவேண்டியது அந்தத் தேதிகளைத்தான்.